மூன்று இடத்தில் ஒரே கதை

தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பெண் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "அக்கா, இதையே நான் இன்னும் எத்தன பேர்கிட்ட சொல்லணும்?"

வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்திருந்தார்கள். முதலில் எங்களிடம் வந்தாள். நாங்கள் மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சலர் இருக்கிற வேறோர் அமைப்புக்கு அனுப்பினோம். அவர்கள் சட்ட உதவி செய்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். மூன்று இடத்திலும் முதலிலிருந்து சொல்லி அழுதிருக்கிறாள். மூன்றும் பத்து நிமிட நடைக்குள் இருக்கிற அலுவலகங்கள். ஆறு அமைப்புகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தது அதனால்தான்.

முதல் இரண்டு மாதம் கூட்டமைப்பின் பெயரிலும் யார் தலைவர் என்பதிலுமே போயிற்று. அதை விடுங்கள். உண்மையான சிக்கல் பணத்தில் வந்தது. எங்களில் ஓர் அமைப்புக்குத்தான் வெளிநாட்டு நிதி வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி வேண்டிய பதிவு உண்டு. அது வெளிநாட்டு நிதியை வாங்கி மற்ற ஐந்துக்கும் பிரித்துத் தரும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஆடிட்டர் தடுத்துவிட்டார். 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அப்படி வந்த பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்ற முடியாது, அந்த அமைப்புக்கும் பதிவு இருந்தாலும்கூட. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. கடைசியில் பணத்தைப் பிரிப்பதற்குப் பதிலாக ஆளைப் பகிர்ந்தோம். அந்த அமைப்பே கவுன்சலரைச் சம்பளத்துக்கு வைத்தது. அவர் நாளுக்கு ஓர் இடமாக வாரத்தில் ஆறு நாளும் ஆறு இடத்தில் உட்காருகிறார். பிள்ளை அலைவதில்லை. கூட்டாக ஏதாவது தொடங்க நினைக்கிறவர்கள் திட்டம் எழுதுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த சண்டை தகவல் பற்றியது. பெயர், போன் நம்பர், பிரச்சினை எல்லாம் ஒரே எக்செல் தாளில் இருக்கட்டும் என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே பாதிச் சந்து திருநெல்வேலிச் சொந்தம். காலையில் இங்கே பேசினால் சாயங்காலம் ஊரில் தெரிந்துவிடும். பெயரில்லாமல் எண் மட்டும் போட்ட ஓர் அட்டையைப் பிள்ளையிடமே கொடுப்பது, விவரம் கவுன்சலரிடம் மட்டும் இருப்பது என்று முடிவானது.

ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே சொன்னால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள் என்று நான் வாதாடினேன். "பிறகு சொன்னா அவ இனி யாரையுமே நம்பமாட்டாம்மா" என்றார் மூத்த கவுன்சலர். அவர் சொன்னதுதான் சரி. இப்போது அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறோம்.

சேர்ந்து உட்கார்ந்ததால் கண்ணில் பட்டது ஒன்று உண்டு. பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்கு அங்கன்வாடி வழியாகக் கிடைக்க வேண்டும். எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் அங்கன்வாடிப் பதிவேட்டிலேயே இல்லை. தமிழ் மீடியத்தில் மேலே வகுப்பு இல்லாமல் நின்றுபோனவர்கள் அவர்கள். வீடு வீடாகப் போய், அவர்கள் சம்மதத்தோடு பெயர் சேர்த்தோம். மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளை எப்படியெல்லாம் தவறவிடுகிறோம் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு அடைத்தது.

முதலில் சொன்ன பிள்ளை இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். அட்டையின் மாதிரியை அவளிடம் காட்டினேன். ஆறு அமைப்புகளின் பெயரையும் எடுத்துவிடச் சொன்னாள். "அம்மா பார்த்தா கேப்பாங்க அக்கா. பின்னால 1098 மட்டும் போடுங்க. அது எங்க ஸ்கூல் சுவத்துலயே எழுதியிருக்கு." குழந்தைகள் உதவி எண்ணான 1098 மட்டும் போட்டு அப்படியே அச்சடித்தோம்.