ஹீமோகுளோபின் 19.1: ரத்தம் கூடிப்போய் நான் பட்ட பாடு

ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரிக்கு அலைபவர்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்குக் கூடிப்போய் அலைச்சல்.

17 வருடப் பட்டாள வேலை முடிந்து டிசம்பரில் ஊர் திரும்பினேன். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டைப் பக்கம்தான் ஊர். பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். கடைசி இரண்டு வருடம் லடாக்கில் லே பக்கம், 3,500 மீட்டர் உயரத்தில். வந்த மூன்றாவது வாரமே ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை அமைந்தது. மெடிக்கலில் மாட்டிக்கொண்டேன். ஹீமோகுளோபின் 19.1, ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 100க்கு 57. இரண்டுமே அதிகம். அன்ஃபிட்.

"ரத்தம் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானேடா" என்றாள் அம்மா. ரத்தம் கெட்டியானால் எங்காவது உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று அவளிடம் சொல்லவில்லை. கம்பெனி கிளார்க் தலையே நிமிராமல், "ரத்த டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க சார்" என்றார்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிவப்பணுவை ஊற வைக்கும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனுக்கு டெஸ்ட் எழுதினார்கள். வரிசையில் நின்று பணம் கட்டி, ரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போனால் மணி மூன்று. "இதுக்குக் காலையிலதான் எடுப்போம், நாளைக்கு வாங்க." அந்த ஹார்மோன் அளவு நேரத்துக்கு நேரம் மாறுமாம். பணம் வாங்கும்போதே சொன்னால் என்ன? மறுநாள் விடியற்காலை பஸ். அதோடு ஜாக்2 மரபணு டெஸ்டுக்கும் ரத்தம் கொடுத்தேன். எலும்பு மஜ்ஜையே கோளாறாகி ரத்தம் பெருக்கும் நோய் உள்ளவர்களில் 100க்கு 95 பேருக்கு அந்த மாற்றம் இருக்குமாம். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

டாக்டர் நல்லவர். மலை உயரத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் சிறுநீரகம் எரித்ரோபாய்டினைச் சுரக்க, மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டே போகும் என்றார். சிவப்பணுவுக்குள்ளும் மாற்றம் உண்டாம். சிவப்பணு சர்க்கரையை உடைத்துத்தான் பிழைக்கிறது. அந்த வழியில் உண்டாகும் பிபிஜி என்ற பொருள் மலையில் கூடி, ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தி, ஆக்ஸிஜனைத் தசைக்கு விட்டுக்கொடுக்க வைக்கும். கீழே இறங்கினால் அது சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். அணு எண்ணிக்கை குறையத்தான் வாரக்கணக்கில் ஆகும். லேயில் இருந்ததற்குப் பேப்பர் கேட்டார். அது வீட்டு பீரோவில்! மறுபடி ஒரு நாள் போனது.

ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார். ஜாக்2 மாற்றம் இல்லை என்று வந்தது, அப்பாடா. ஆனால் ஹீமோகுளோபின் 18.6. "இந்நேரம் நல்லா இறங்கியிருக்கணுமே. ஊசி, மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?" முதல் நாளே கேட்டிருந்தார், நான் இல்லை என்றிருந்தேன். இந்த முறை வாய் வரவில்லை.

ஊர் வந்ததும் ஜிம்மில் சேர்ந்திருந்தேன். உடம்பு ஏற என்று கோச் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவிட்டார். 'வெறும் சத்து' என்றார், நானும் நம்பிக்கொண்டேன். அந்த ஹார்மோனும் சிவப்பணுவைக் கூட்டும். ரத்தம் ஊற உடம்பிலுள்ள இரும்புச்சத்தைத் தாராளமாகத் திறந்துவிடும். டாக்டர் சொல்லி மருந்தாக எடுப்பவர்களுக்கே ஹெமடோக்ரிட் 54 தாண்டினால் ஊசியை நிறுத்திவிடுவார்களாம். நான் மலைப் பாக்கியின் மேல் ஊசிக் கடனையும் ஏற்றியிருக்கிறேன்.

டாக்டர் திட்டவில்லை, பேனாவை மூடி வைத்தார். அதுதான் சுருக்கென்றது.

ஊசியை நிறுத்தினேன். சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், அதனால் உடனே இறங்காது. டெஸ்டுக்கு முன் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். வேலூர் வெயிலில் உடம்பு வற்றிப்போய் ரத்தம் கொடுத்தால் எண் இன்னும் ஏறிக் காட்டும். மூன்று மாதம் கழித்து 15.8. லெட்டர் கிடைத்தது.

கம்பெனியில் அதே கிளார்க். "யூனிட் பேப்பர் ஜெராக்ஸ் ரெண்டு வேணுமே சார்" என்றார். பையில் ஐந்து வைத்திருந்தேன்.