கொடைக்கானலுக்கு ஸ்லீப்பர் பஸ்ஸில் போகாதீங்க!

அறை, சாப்பாடு, பார்க்க வேண்டிய இடம் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன்.

சாதாரண நாளில் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சென்னை–கொடைக்கானல் ஏசி ஸ்லீப்பர், தொடர் விடுமுறை வந்ததும் ஆளுக்கு 1,900. கீழ் பெர்த் எல்லாம் போயாச்சு. அம்மாவுக்கோ முட்டிவலி. மேலே ஏற்றிவிட கிளீனரும் நானும் பட்ட பாடு! ரேட்டைக் கேட்டால், “ஆன்லைன்ல காட்டுறதுதான் மேடம்” என்கிறார். ஆம்னி பஸ்களுக்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை, அந்தத் தைரியம்தான். நடுராத்திரியில் நிறுத்திய மோட்டலில் ஒரு தோசை 140 ரூபாய். தொண்டையில் இறங்கவில்லை.

சமவெளியில் சொகுசுதான், மறுக்கவில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் தெரிந்தது சங்கதி. வளைவுக்கு வளைவு தலை ஒரு பக்கம் இடிக்க, கால் மறுபக்கம் இடிக்க, பாயில் உருட்டிவிட்ட பூசணிக்காய் மாதிரி கிடந்தோம். திறக்க முடியாத கண்ணாடி, காற்றே இல்லை. பெருமாள்மலை வருவதற்குள் அம்மா வாந்தியெடுத்தே இரண்டு கவர் காலி செய்துவிட்டார். காசு கூடக் கொடுத்தவர்களுக்குத்தான் இந்தக் கதி!

மேலே போனபின் பூம்பாறை கிராமத்துக்கு உள்ளூர் அரசு பஸ். மகளிர் இலவசப் பயணம் 2024-ல் மலைப்பகுதிகளுக்கும் வந்துவிட்டதால் எங்களுக்குக் கட்டணமே இல்லை. பக்கத்தில் பூண்டு மூட்டையோடு வந்த அக்கா, “முன்னாடி ரோட்டையே பாருங்கம்மா, பள்ளத்தப் பாக்காதீங்க” என்றார். அம்மாவுக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. காரில் வந்தவர்கள் மலைக்கு வர ஆன்லைனில் இ-பாஸ் அனுமதி எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.

திரும்பும்போது ஸ்லீப்பருக்குப் பெரிய கும்பிடு. ஜன்னல் திறந்த அரசு பஸ்ஸில் திண்டுக்கல் வரை, அங்கிருந்து சாய்வு சீட் வைத்த அரசு அல்ட்ரா டீலக்ஸ் பஸ். அரசு பஸ் கட்டணத்தை 2018 ஜனவரியில் ஏற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் சற்றுக் குறைத்தார்களே, அந்தக் கணக்கில் அல்ட்ரா டீலக்ஸுக்கு கிலோமீட்டருக்கு 1 ரூபாய், சாதா பஸ்ஸுக்கு 58 காசு. மலைப்பாதைக்கு 20 சதவீதம் கூடுதல். இரண்டு பேருக்கும் சேர்த்தே ஒரு ஸ்லீப்பர் டிக்கெட் காசு ஆகவில்லை. சீட் பழசுதான், சாய்த்தால் நிமிர மறுத்தது. நாள் முழுக்க கூலிவேலை செய்துவிட்டு ராத்திரி பூரா அதில் உட்கார்ந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சீட் கொடுக்க வேண்டாமா? படுத்துப் போகும் வசதி ஆயிரத்துச் சொச்சம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானா?

நடுவில் திண்டுக்கல்லில் பிரியாணி! சீரகச் சம்பா அரிசி, மிளகுக் காரம் தூக்கலாக, எலும்போடு வெந்து விழும் கறி. “மிச்சம் பிடிச்ச காசுதானே, இன்னொண்ணு சொல்லுடி” என்றார் அம்மா. சொன்னேன்.

அறை வாடகை பற்றி அடுத்த பதிவில். அதிலும் சண்டைதான்.