டெல்டா யாரைப் பார்த்துவிட்டு வருகிறது?

அக்டோபர் 21, குளுகோர், பினாங்கு

எக்ஸ் வர்க்கம் என்ற சார்பு 3 என்னும் புள்ளியில் தொடர்ச்சியானது என்று விரிவுரையாளர் இன்று நிரூபித்தார். சார்பின் மதிப்பு எவ்வளவுக்குள் விலகலாம் என்று முதலில் வைக்கும் வரம்பு எப்சிலான்; அதற்குள் நிற்க எக்ஸ் அந்தப் புள்ளிக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்பது டெல்டா. எந்த எப்சிலானுக்கும் ஒரு டெல்டா கிடைத்தால் தொடர்ச்சி. 1, எப்சிலானின் ஏழில் ஒரு பங்கு, இந்த இரண்டில் எது சிறியதோ அதுதான் டெல்டா என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார். அந்த ஏழு எங்கிருந்து வந்தது? எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) வரை, கணக்கு போட்டால் விடை கடைசி வரியில்தான் வரும்.

விடுதிக்கு வந்து பின்னாலிருந்து பிரித்துப் பார்த்தேன். எக்ஸ் வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்தால் (எக்ஸ் − 3) பெருக்கல் (எக்ஸ் + 3). எக்ஸை 3-லிருந்து 1-க்கு மேல் விலகவிடாமல் பிடித்துக்கொண்டால், இரண்டாவது காரணி 7-ஐத் தாண்டாது. முதல் காரணி எப்சிலானின் ஏழில் ஒரு பங்குக்குள் இருந்தால், பெருக்கல் எப்சிலானுக்குள் அடங்கும். அவ்வளவுதான்! கரட்டுத்தாளில் கீழிருந்து மேலே தேடியதை, நிரூபணத்தில் மேலிருந்து கீழே எழுதுகிறோம். பாடப்புத்தகங்கள் அந்தக் கரட்டுத்தாளையும் அச்சிட வேண்டும் என்பேன்.

அக்டோபர் 25

சுங்கை டுவா மாமாக் கடையில் தே தாரிக். நான்காம் ஆண்டு அண்ணன் ஒருவர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "தம்பி, டெல்டா யாரைப் பார்த்துட்டு வருதுன்னு மட்டும் கேளு" என்றார். எதிராளி எப்சிலானை வைத்த பிறகு நாம் வைக்கும் காய் அது. புள்ளியையும் பார்த்துவிட்டு வந்தால் சாதாரணத் தொடர்ச்சி. புள்ளியைப் பார்க்காமலே எல்லாப் புள்ளிக்கும் பொருந்தினால் சீரான தொடர்ச்சி.

அக்டோபர் 30

தேர்வுக்குப் படிக்கவே நேரம் போய்விட்டது.

நவம்பர் 2

எல்லா மெய்யெண்களையும் எடுத்துக்கொண்டால் எக்ஸ் வர்க்கத்துக்குச் சீரான தொடர்ச்சி இல்லை. இதை நிரூபிக்க இடம் மாறி உட்கார வேண்டும்: எப்சிலானை நான் வைக்கிறேன், 1 என்று. எதிராளி எந்த டெல்டாவைத் தந்தாலும், டெல்டாவின் தலைகீழியை (1 வகுத்தல் டெல்டா) எக்ஸாகவும், அதோடு பாதி டெல்டாவைக் கூட்டி ஒய்யாகவும் எடுக்கிறேன். இரண்டுக்கும் இடைவெளி டெல்டாவில் பாதிதான். ஆனால் வர்க்கங்களின் வித்தியாசம் 1-ஐத் தாண்டிவிடுகிறது. எழுதி முடித்தபோது அப்படி ஒரு சந்தோஷம்.

நூலகத்தில் அப்புறம் படித்தது: தொடர்ச்சியான சார்புகளை முடிவில்லாமல் கூட்டும் தொடர் ஒருங்கினால், அதாவது ஒரு மதிப்பை நெருங்கினால், கூட்டுத்தொகையும் தொடர்ச்சியாக இருக்கும் என்று 1821-இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி எழுதினார். அது பொருந்தாத ஒரு சைன் தொடரை 1826-இல் நார்வே கணிதர் ஆபெல் காட்டினார். எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் போதும் என்பது புள்ளியைப் பார்த்து மாறுகிறதா, இல்லையா? அங்கேயும் இதே கேள்விதான்.

நாளைய பயிற்சி வகுப்புக்கு 0 முதல் 1 வரை உள்ள இடைவெளியை எடுத்துவைத்திருக்கிறேன். அங்கே எக்ஸ் + ஒய் 2-ஐத் தாண்டாது. டெல்டாவாக எப்சிலானில் பாதியே எல்லாப் புள்ளிக்கும் போதும்.