மருந்து எடுத்துக் கொடுக்கும் இடைவெளியில்

மட்டக்களப்பு நகரில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். டாக்டர் எழுதிய துண்டை வாங்கி, மருந்தை எடுத்து, உறையில் வேளையை எழுதிக் கொடுக்க ஓரிரு நிமிடம் போகும். அதற்குள் விசுவாசத்தைப் பற்றி என்ன பேசிவிட முடியும் என்று எங்கள் கத்தோலிக்கப் பங்குச் சமூகத்தில் ஒருவர் கேட்டார். நிறையப் பேச முடியாது, அதுவே எனக்கு வசதி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

கேள்வி நிச்சயமாக வருகிற நாள், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். காலைத் திருப்பலி முடிந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நேரே கடைக்குப் போவேன். கழுவிவிட்டு வா என்று முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை. அவரே திருநீறு பூசிக்கொண்டுதான் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். ஆரையம்பதியிலிருந்து பிரஷர் மருந்துக்கு வரும் ஓர் அம்மா, "என்ன மகள், நீங்களும் திருநீறு பூசத் தொடங்கிவிட்டீர்களா?" என்றார். போன வருடக் குருத்து ஞாயிறன்று பிடித்த ஓலையை எரித்த சாம்பல் அம்மா, மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிப் பூசுவார்கள் என்றேன்.

"எங்களுக்கும் இதைத்தானே சொல்லித் தந்தார்கள்."

அதோடு விட்டிருந்தால் இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் சாம்பலை ஏன் சிலுவையாக இடுகிறோம் என்பதுதான் எனக்குச் சொல்ல இருந்தது. மண்ணுக்குப் போகிற நம்மோடு தாமும் போய், மூன்றாம் நாள் எழுந்தவரை நம்புகிறோம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "நாங்கள் தினமும் பூசுகிறோம், உங்களுக்கு வருடத்தில் ஒருநாள்தானா?" என்று சிரித்தார். அதற்குள் அடுத்தவர் துண்டை நீட்டிவிட்டார்.

2025இல் விபூதிப் புதன் ரமழானுக்குள் வந்தது. என்னோடு வேலை செய்யும் தங்கை காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் பெண். தவக்காலத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததைச் சொன்னபோது கவனமாகக் கேட்டவள், எங்கள் நோன்பில் தண்ணீர் குடிக்கலாம் என்றதும், "அது என்ன நோன்பு அக்கா!" என்றாள். பிறகு அவளுடைய நோன்பைப் பற்றி நான் கேட்டேன். இப்படிப் பேச முடிகிறது என்பதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் இந்த நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவர் குண்டை வெடிக்க வைத்தார். இறந்தவர்களில் பிள்ளைகளும் பலர். அந்தக் கிழமைகளில் ஒருவர் கவுண்டரில் நின்று, "உங்கள் கடவுள் ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்டார். ஏளனம் இல்லை, உண்மையாகவே கேட்டார். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் இயேசுவே கேட்டார் ஐயா, அதனால் நாங்களும் கேட்கிறோம் என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நானாக ஏன் பேச்சைத் தொடங்குவதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். தேவை அவருடைய பக்கம் இருந்தது. கவுண்டரில் அது தலைகீழ். மருந்து வேண்டியவர் என் முன்னால் நிற்கிறார். நான் பேசினால் பிடிக்காவிட்டாலும் கேட்டுக்கொண்டு நிற்பார். 2004 சுனாமிக்குப் பிறகு உதவியோடு மதத்தையும் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சு கரையோர ஊர்களில் இன்னும் ஓயவில்லை. எல்லாம் பொய் என்று வாதாடும் தைரியம் எனக்கு இல்லை.

வேறு சபையைச் சேர்ந்த தோழி ஒருத்தி, மருந்துப் பைக்குள் ஒரு சுவிசேஷக் கைப்பிரதியை வைத்தால் என்ன, யாருக்கு நட்டம் என்கிறாள். அவள் பஸ் நிலையத்தில் நின்று கொடுக்கிறாள். வேண்டாதவர் விலகி நடந்துவிடலாம், அது அவளுடைய துணிச்சல். மருந்துப் பையில் மருந்து மட்டும்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். கோபம்தான் அவளுக்கு.