நூற்றில் எட்டு

"பெட் ஸ்கேன் எடுத்திருந்தா இது முன்னாடியே தெரிஞ்சிருக்குமா சார்?"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அந்தப் பையன் கேட்டது இவ்வளவுதான். "சொல்ல முடியாது தம்பி" என்றேன். பொய் இல்லை. ஆனாலும் இன்னும் உறுத்துகிறது.

அவன் அப்பாவுக்குக் குடலில் தொடங்கிய புற்று கல்லீரலுக்குப் போயிருந்தது. கீமோவில் சுருங்கியதால் வெட்டி எடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். அப்போதே கேட்டான்: "பெட் ஸ்கேனும் எடுத்துடலாமா சார்? அம்மா வளையல் இருக்கு." சர்க்கரையை அதிகம் இழுக்கும் புற்றுச் செல்களைப் பளிச்சென்று காட்டும் ஸ்கேன் அது. வேண்டாம் என்றேன். இதே மாதிரி நோயாளிகளை வைத்துச் செய்து 2014-ல் வெளிவந்த கனடா ஆய்வு எனக்கு மனப்பாடம். பெட் எடுத்த 263 பேரில் அறுவைத் திட்டம் மாறியது 21 பேருக்கு, அதாவது நூற்றில் எட்டு. வயிற்றைத் திறக்காமலே விட்டது 7 பேரைத்தான். ஆயுளிலும் வித்தியாசம் தெரியவில்லை. இதெல்லாம் அவனிடம் எதற்கு என்று, "பெரிய பிரயோஜனம் இல்லப்பா, காசை வேஸ்ட் பண்ணாத" என்றதோடு சரி.

திறந்து பார்த்தால், உதரவிதானத்தின் அடியில் நொய்யரிசி தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக. கிள்ளி அனுப்பினோம்; புற்றுதான் என்று பதில் வந்தது. அப்படியே மூடினோம்.

அவ்வளவு சின்னதை பெட் காட்டியிருக்காது. அதிலும் கீமோ முடிந்த கையோடு எடுத்தால் செல்கள் சர்க்கரையை இழுப்பது குறைந்து, இருக்கிற கட்டியே மங்கலாகத் தெரியும். இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். முதலில் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பார்த்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். அவன் அதைக் கேட்கவில்லை, நான் தப்பித்தேன்.

2009-ல் வந்த நெதர்லாந்து ஆய்வும் எனக்குத் தெரியும். 150 பேர், பெட் எடுத்ததில் வீண் அறுவை 45 சதவீதத்திலிருந்து 28-க்கு இறங்கியது. ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியவர்களையும் 'வீண்' கணக்கில் சேர்த்திருக்கிறார்களே என்று அதை ஓரம் கட்டியிருந்தேன். நியாயமான காரணம்தான். ஆனால் கனடா ஆய்வை அதே அளவுக்குக் குடைந்தேனா? அது நான் ஏற்கெனவே நினைத்ததைச் சொன்னது.

போன வாரம் இன்னொரு அம்மாவுக்கு, யாரும் கேட்காமலே பெட் எழுதிக் கொடுத்தேன். அந்த 263-ம் 21-ம் மாறிவிடவில்லை. செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்ட அவர் மகள், கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.