நட்டாலம் முதல் காற்றாடிமலை வரை: நண்பர்கள் நடுவே நின்ற விசுவாசம்

உறுதிபூசுதல் என்னும் அருளடையாளத்துக்குத் தயாராகும் எங்கள் பங்குப் பிள்ளைகளை இந்த ஆண்டு, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனித தேவசகாயம் பிள்ளை நடந்த தடத்திற்கு அழைத்துச் சென்றோம். வகுப்பில் பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியாத ஒன்றை அங்கே சொல்ல நினைத்தேன். இந்த வயதில் பிள்ளைகளின் விசுவாசத்தைச் சோதிப்பவன் எதிரி இல்லை. பக்கத்தில் தோள்மேல் கைபோட்டு உட்கார்ந்திருக்கும் நண்பன். 'எல்லாரும்தானே செய்கிறோம், நீ மட்டும் என்ன?' என்ற அந்த ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் எத்தனையோ பேர் முதல் சிகரெட்டையும் முதல் குடியையும் தொட்டிருக்கிறார்கள்.

காலையில் நட்டாலம். சிவராத்திரியில் பக்தர்கள் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடிச் சென்று வழிபடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டாம் தலமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1712இல் இங்கே நீலகண்டனாகப் பிறந்த தேவசகாயம், திருவிதாங்கூர் அரண்மனையில் பணியில் இருந்தார். உறவு, பதவி, ஊர் மதிப்பு என எதிலும் குறையில்லாத வாழ்க்கை. பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொன்னேன். கூட்டத்தை விட்டு விலகி நிற்பது, கூட்டத்தில் நல்ல இடம் கிடைத்தவருக்குத்தான் மிகக் கடினம்.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறையை வணங்கினோம். தாகத்தால் துவண்ட தேவசகாயம் முழங்கையால் இடித்தபோது பாறையில் நீர் சுரந்ததாக நம் முன்னோர் சொல்லி வந்த இடம். அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. என் மனம் அங்கேதான் அதிக நேரம் நின்றது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் அவர். பிறகு மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே பணிபுரிந்தார். கால்நடையும் பயிரும் அழிந்து மனம் நொந்திருந்த நீலகண்டனுக்கு, எல்லாவற்றையும் இழந்த விவிலிய மனிதர் யோபுவின் கதையைச் சொன்ன நண்பர் அவர்தான்.

யோபு என்றதும் நமக்குப் பொறுமை நினைவுக்கு வரும். அந்த நூலின் பெரும்பகுதி ஒருவன் தன் நண்பர்களோடு நடத்தும் வழக்கு என்பதை மறந்துவிடுகிறோம். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் கெட்டவர்களாக வரவில்லை. ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு பேசாமல் தரையில் உட்கார்ந்து அழுதவர்கள். அந்த அன்பின் உரிமையோடுதான், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி நெருக்குகிறார்கள். யோபு இணங்கவில்லை. நண்பர்களின் ஒருமித்த குரலுக்கு எதிராக நின்ற மனிதனின் கதையை ஒரு நண்பன் வாயால் கேட்டு நீலகண்டன் மனம் மாறினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை முன் முழந்தாளிட்டபோது பேதுருவைப் பற்றிப் பேசினோம். உயிரையும் கொடுப்பேன் என்று சொன்ன பேதுரு, ஆண்டவரை மறுதலித்தது வாள்முனையில் அல்ல. குளிரில் காவலர்களோடு தீக்காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு பணிப்பெண் கேட்ட கேள்வியில் விழுந்தார். கூட்டத்தின் கதகதப்பு அச்சுறுத்தலைவிட ஆபத்தானது. சாலமோன் அரசரின் மகன் ரெகபெயாமுக்கும் அதுதான் நடந்தது. முதியோரின் அறிவுரையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த இளைஞர்கள் பேச்சைக் கேட்டு நாட்டின் பெரும்பகுதியை இழந்தான்.

பெரியவர்களாகிய நாம் இதில் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை. நம் குமரி மாவட்டத்தில் பெண்ணுக்கு இத்தனை சவரன் போடாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று கடன்பட்டு நகை வாங்கும் தகப்பன் எந்தக் கூட்டத்திற்கு அஞ்சுகிறான்? நானூறு பேர் முன்னால் வரதட்சணை வேண்டாம் என்று சொல்லும் துணிவு நமக்கே இல்லாதபோது, வகுப்பில் நாற்பது பேர் முன்னால் துணிவாக நிற்கும்படி பிள்ளையிடம் கேட்பது நியாயமா?

மாலையில் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்றும் காற்றாலைகளும் சூழ்ந்த ஊர். சாதி பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகியதற்காக மேல்தட்டினரின் பகையைச் சம்பாதித்து, 1749இல் கைதாகி, எருமைமேல் ஏற்றி ஊர்ஊராக இழிவுபடுத்தப்பட்டவரை, 1752 ஜனவரி 14 அன்று இந்தக் காற்றாடிமலையில்தான் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். பிள்ளைகள் மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டி, மணிபோல் ஒலிப்பதைக் கேட்டு வியந்தார்கள்.

மலைமேல் செபத்தை யோபு நூலின் முடிவிலிருந்து எடுத்தேன். தன்னைக் குற்றம் சாட்டிய அந்த மூவருக்காகவும் யோபுவையே மன்றாட வைக்கிறார் ஆண்டவர். அதனால், உங்களைத் தவறான வழிக்கு இழுத்த நண்பர்களை வெறுக்காமல், அவர்கள் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள் என்றேன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு மாணவன் மட்டும் தயங்கி, "நான் கட்டாயப்படுத்தியவர்களின் பெயரைச் சொல்லலாமா?" என்று கேட்டான். சொல்லச் சொன்னேன். அவன் சொல்லி முடித்ததும், முன்பே சொன்னவர்களும் மறுபடி கை உயர்த்தினார்கள். கீழே வேன் ஓட்டுநர் பொறுமையிழந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், நாங்கள் இறங்கவில்லை.