கூட்டி வைத்த இரைச்சல்

“எனக்கு எல்லாம் புரியுதே தம்பி. அப்போ இவர் கவனிக்கிறதில்லைன்னுதானே அர்த்தம்?”

ஹெட்ஃபோனைக் கழற்றாமலே பேசியதால் அந்த அம்மா இதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது.

நான் போட்டுக் காட்டியது, என்னைப் போல் கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டுகள் பலரும் போடும் டெமோதான். பதிவு செய்த பேச்சை எடுத்து, நோயாளிக்கு எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைபடத்துக்கு ஏற்றபடி மேல் அதிர்வெண்களைக் குறைத்து, வீட்டாருக்குக் கேட்கக் கொடுப்போம். இந்தக் கணவருக்கு 500 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகள் 20, 25 டெசிபல் என்ற மெல்லிய சத்தத்திலேயே கேட்டுவிடுகின்றன. 2000-க்கு 50 வேண்டும், 4000-க்கு 70. வயதானவர்களிடம் அன்றாடம் பார்க்கிற சரிவு. பேச்சின் வலுவில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் யாரோ பேசுகிறார்கள் என்பது நன்றாகவே கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் சிக்கல். மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் துப்புகளில் பல அதற்கு மேலேதான் இருக்கின்றன. சோதனையில் ‘கட்டு’ என்றால் ‘பட்டு’ என்றார். ‘தட்டு’ என்றாலும் ‘பட்டு’ என்றார். குரலில் துளி சந்தேகம் இல்லை. தனிச் சொற்களில் பாதியைத்தான் சரியாகச் சொன்னார். அதே மனிதர் முழு வாக்கியமாகச் சொன்னபோது அநேகமாக எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்.

மனைவியின் புகாரும் இங்கேதான் பிறக்கிறது. எதிரே உட்கார்ந்து, தெரிந்த விஷயத்தைப் பேசினால் பதில் வருகிறது. குழாயில் தண்ணீர் ஓடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு புதிதாக ஒன்றைச் சொன்னால் வருவதில்லை. பார்ப்பவருக்கு இது காதுக் கோளாறாகவா தெரியும்? வேண்டுமென்றே செய்கிற மாதிரிதான் தெரியும். அவர் பல வருடம் ஊகித்தே சமாளித்திருக்கிறார். ஊகம் பலித்தபோதெல்லாம் காது நன்றாக இருப்பதாக அந்த அம்மா நினைத்திருக்கிறார்.

அதைப் புரிய வைக்கத்தான் டெமோ போட்டேன். அது அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது.

ஏன் என்று எனக்குத் தெரியும். பழைய தொலைபேசி இணைப்பு 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே எதையும் அனுப்பியதில்லை. அதில்தான் குடும்பக் கதை முழுக்கப் பேசி முடித்தோம். நல்ல காது இருந்தால் குறைந்த துப்பே போதும், மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். 1970-ல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு அந்தச் சொல் முழுசாகவே கேட்டது. அந்த அம்மாவுக்கும் அப்படித்தான்.

கணவருக்குப் போயிருப்பது வெறும் சத்தம் இல்லை. உள்காதில் வெளி ரோம செல்கள் சுமார் 12,000 இருக்கும். மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது அவற்றின் வேலை. அடுத்தடுத்த அதிர்வெண்களை ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்துக் கொடுப்பதும் அவைதான். அவை போனால் பேச்சின் மேல் இரைச்சல் வந்து படியும். எங்கள் டெமோ அளவைக் குறைக்கும், இந்தக் கலங்கலைக் காட்டாது. ஆக, அது நோயாளியின் நிலையை உள்ளதைவிட லேசாகத்தான் காட்டுகிறது.

இதையெல்லாம் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவும் ஆரம்பித்தேன். அந்த அம்மா முகத்தில், ‘அவருக்குப் பரிந்து பேசறீங்க’ என்பது எழுதி ஒட்டியிருந்தது.

“சரி, இன்னொண்ணு போடுறேன், கேளுங்கம்மா” என்றேன். இன்னும் கீழ் அதிர்வெண்ணிலிருந்தே வெட்டினேன். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலைப் பின்னால் சேர்த்தேன். அந்த அளவுகள் அவருடைய ஆடியோகிராமில் இல்லை, என் கைக்கு வந்தவை. அதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. புருவம் நெரிய, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகத் துழாவினார். பிறகு துழாவுவதையும் விட்டுவிட்டார்.

“இப்படியா கேட்குது இவருக்கு?”

“ஏறக்குறைய இப்படித்தாம்மா.”

இந்தப் பதிலைத்தான் இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறேன். பொய் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அம்மாவின் காதில் இல்லாத கலங்கலுக்குப் பதிலாக இரைச்சலைக் கூட்டினேன், ஆராய்ச்சிகளிலும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அங்கே அளந்து கூட்டுவார்கள். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கூட்டினேன். முகம் மாறியதும் நிறுத்தினேன்.

காதுக்கருவி பொருத்தியபின் டியூனிங்குக்கு வந்தார்கள். “மிஷின் எப்படி இருக்கு சார்?” என்று அவரைக் கேட்டேன். பதில் அந்த அம்மாவிடமிருந்து வந்தது. அடுத்த கேள்விக்கும் அப்படியே. அவர் வாயைத் திறப்பதற்குள் இவர் முடித்துவிடுகிறார், அதுவும் அவ்வளவு பரிவோடு. தொட்டுக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, நிறுத்திப் பேசுகிறார். நான் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் செய்கிறார். காதைப் பார்க்க கணவரைத் தனியாக அழைத்துப் போன நேரத்தில், “முன்னெல்லாம் சண்டை போடுவா சார். இப்போ எழுதிக் காட்டுறா” என்றார் என்னிடம் மட்டும். குறையாகச் சொன்னாரா, தகவலாகச் சொன்னாரா, பிடிபடவில்லை. அப்புறம் கேட்டார்: “அன்னிக்கு அவளுக்கு என்ன போட்டுக் காட்டினீங்க? எனக்கும் போடுங்க.”

மிஷினைக் கழற்றிவிட்டு மூலப் பதிவையும் முதல் டெமோவையும் போட்டேன். “ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார். ஒன்றுதான் அவருக்கு, நான் வெட்டியது அவரிடம் ஏற்கெனவே இல்லாத பகுதி. அடுத்து இரைச்சல் சேர்த்ததைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “வீட்டுல இவ்வளவு மோசம் கிடையாது சார். கூட்டத்துல வேணா இப்படி இருக்கும்.”

இது எனக்கு ஆதரவா, எதிரா? கூட்டத்தில் அப்படி என்றால் நான் காட்டியதில் உண்மை இருக்கிறது. வீட்டில் அப்படி இல்லை என்றால், அந்த அம்மா எழுதிக் காட்டுவது நான் மிகைப்படுத்தியதால்தான். ஆனால் அவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் கேட்டது என் இரைச்சலையும் தன் காதின் கலங்கலையும் சேர்த்து. மனைவி கேட்டதை அவர் கேட்கவே இல்லை. இருவரையும் ஒரே ஒலிக்கு உட்கார வைத்து ஒப்பிட வழி இல்லை. சோதனைக்கே வராமல் தப்பித்துக்கொள்ள எனக்கு இது வசதியான வாதம் என்பதும் தெரிகிறது.

மனைவியிடம், அது அளவுக்குக் கொஞ்சம் மேலே வைத்தது என்று அன்றே சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த நோயாளிக்கு வழிவிட்டு நின்றார்கள். நான் சொல்லவில்லை. சொன்னால் பழைய சண்டை திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். அந்தச் சண்டையைத்தான் அவர் தேடுகிறாரோ என்றும் ஒரு நினைப்பு.

இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போன வாரம் தாயாரை அழைத்து வந்த ஒருவருக்கு முதல் டெமோ போட்டேன், அவருக்கும் எல்லாம் புரிந்தது. “அடுத்தது அம்மாவோட கிராஃபைவிடக் கூடுதலா வெச்சது, இரைச்சலில் சிரமம் எப்படி இருக்கும்னு தெரியறதுக்காக” என்று விளக்கிவிட்டு இரண்டாவதைப் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ அம்மாவுக்கு இந்த அளவுக்கு இல்லைதானே?” என்றார், நிம்மதியாக.